வினைமுற்று

டானிங்டன் முக்கில்
ஹம்சாவின் வர்க்கி அடுப்புக்கு மேலே என் அறை.
தரை எப்போதும் வெதுவெதுப்பு.
சன்னலுக்கு வெளியே மூடுபனி;
திரைச்சீலைச் செலவு மிச்சம்.

இரவு எட்டேகாலுக்குப் பதினொரு சதுரங்களில்
பதினொரு முகங்கள் வந்து உட்காரும்.
முக்கால்வாசி நர்சுகள்.
டியூட்டி முடிந்து தலை துவட்டாமல் வந்தவர்கள்,
டியூட்டிக்குப் போகும் பஸ்ஸிலிருந்தே வந்தவர்கள்.
வேற்றுமை உருபுகளைப் பட்டியல் போட்டால்
ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்துவிடுவார்கள்.
அதனால்தான் நாடகம்.

கரண்டி, ஸ்டெதஸ்கோப்.
இட்லித் தட்டு, எக்ஸ்ரே.
தூத்துக்குடி ஜெனோவா வீட்டுக்காரியாகி
ஆம்பூர் முபஷ்ஷிராவுக்கு அறை தர மறுத்தாள்.
மறுத்த கச்சிதத்தில்
முபஷ்ஷிரா நிஜமாகவே இரண்டு நாள்
அவளோடு பேசவில்லை.
யாரை 'டூ' என்பது, யாரை 'ஸீ' என்பது,
இதை மட்டும் நான் சொல்லித்தரவே இல்லை.
நீ, நீங்க என்று குட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு
அது எதற்கு?
வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடும்போதும்
அவர்கள் பதறுவதில்லை.
நம்ம ஊர் வழக்கம்தானே டீச்சர், என்பார்கள்.

அன்றைய காட்சி: தொலைபேசி. விடிகாலை நாலு மணி.
நான் மகன். ஹானோவரிலிருந்து பேசுகிறேன்.
வள்ளியூர் இசக்கியம்மாள் இரவுப் பணி நர்ஸ்.
அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்,
உங்கள் அம்மா இன்றிரவு இறந்துவிட்டார்.
ஜெர்மனில் ஆறு சொல்.
ஆறாவதுவரை மகன் பொறுத்திருக்க வேண்டும்.

மப்ளரைச் சுற்றிக்கொண்டு மகனானேன்.
"ஈரெ முட்டர்" என்றாள்.
"இஸ்ட்" என்றாள்.
"ஹாய்டெ நாஹ்ட்..."

எங்கோ ஒரு சில்வர் ஓக்
கம்பிமேல் சாய்ந்திருக்க வேண்டும்.
அறை இருண்டது. மோடம் கண் மூடியது.
திரையில் அவள் முகம் மட்டும்
பாதி திறந்த வாயோடு நின்றது.

ஐந்து சொல் வந்து சேர்ந்துவிட்டது.
ஆறாவது,
வள்ளியூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே
எந்தக் கொண்டை ஊசி வளைவில்
காட்டெருமைக்கு வழிவிட்டு நிற்கிறதோ.

மகனானவள் மகனாகவே இருந்தேன்.
ஆரம்பித்த அழுகையை நிறுத்தத் தெரியவில்லை;
காட்சியை நடுவில் விடக்கூடாது என்று
நான்தானே அவர்களைத் திட்டுவேன்.

கதவு தட்டும் சத்தம்.
ஹம்சா. ஒரு கையில் செல்போன் வெளிச்சம்,
மறு கையில் வர்க்கிப் பொட்டலம்.
"ஆருக்கு என்ன ஆச்சு டீச்சரே?"
"அம்மா, இன்னைக்கு ராத்திரி..." என்றேன்.
அதற்குமேல் எனக்கும் தெரியாது.
பாவம், நாற்காலி தேடாமல்
தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருபது நிமிடம்.

கரண்ட் வந்தபோது
பதினொரு சதுரங்களில் நாலுதான் மிச்சம்.
இசக்கியம்மாள் இருந்தாள்.
ரிசீவராகப் பிடித்த சீப்பு
காதைவிட்டு இறங்கவில்லை.

"ஆஃப்கெவாஹ்ட்" என்றாள்.
விழித்துக்கொண்டார்.

ஸ்கிரிப்டில் அது இல்லை.
இலக்கணத்தில் பிழையும் இல்லை.
சாவதற்கும் விழிப்பதற்கும் அந்த மொழியில்
துணைவினை ஒன்றுதான்;
ஐந்தாவது சொல் வரை
இரண்டும் ஒரே வாக்கியம்.

"தமிழ்ல அந்த போனை நெறைய பண்ணியாச்சு டீச்சர்.
ஒருக்கா இப்படிச் சொல்லிப் பாத்தேன்."

பரீட்சையில் கேட்பார்கள்.
பரீட்சைக்கு அப்புறம் வார்டிலும் கேட்பார்கள்,
நாலு மணிக்கு, நிஜ மகன்கள்.
அடுத்த புதன் மறுபடி எடுப்போம் என்றேன்.
சரி என்றாள்.

ஆனால் மகன் இன்னும் லைனில் இருந்தான்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:
ஏதாவது சாப்பிடக் கேட்டாரா?
அவள் சீப்பை மறு காதுக்கு மாற்றினாள்.
கேட்டார், என்றாள் ஜெர்மனில்,
ரொட்டி. வெண்ணெய் அதிகமாக.

ஹம்சா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
முழிச்சுட்டாங்களாம், என்றேன்.
பொட்டலத்தை அவரே பிரித்தார்.